டமால் அக்காவும் காணாமல்போன காயமும்

டமால் அக்கா கீபோர்டில் ஒரு எழுத்தைத் தட்டினால் மூன்று தெரு தள்ளி நாய் குரைக்கும். நம்பாதவர்கள் அவருடைய போட்டோ ஸ்டூடியோவில் ஒரு தரம் போய் உட்கார்ந்து பார்க்கட்டும். மேசை ஆடும், திரை ஆடும், சுவரில் மாட்டியிருக்கும் மாப்பிள்ளையும் பெண்ணும் சேர்ந்து ஆடுவார்கள். கீபோர்டில் எழுத்தெல்லாம் தேய்ந்துபோய்ப் பல வருஷமாகிறது. எந்தக் கட்டையில் என்ன எழுத்து என்பது அவர் விரலுக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். மவுஸ் மட்டும் வாங்கின நாளில் இருந்தபடியே பளபளவென்று இருக்கும். அக்கா அதைத் தொடுவதே இல்லை.

அதற்குக் காரணம் ஒரு இரும்பு ஸ்கேல்.

எட்டாம் வகுப்போடு படிப்புக்குக் கும்பிடு போட்டுவிட்டு அக்கா முதலில் வேலைக்குப் போனது ஒரு அச்சுக்கடைக்கு. அங்கே ஒரே கம்ப்யூட்டர், ஒரே மவுஸ், ஒரே முதலாளி. "மவுஸ் என்னுது. தொட்டா விரல் இருக்காது" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். சொன்னதோடு நிற்கவில்லை. அக்காவின் கை மவுஸ் பக்கம் ஒரு அங்குலம் நகர்ந்தால் போதும், ஸ்கேல் விரல் முட்டியில் வந்து இறங்கும். நாலு வருஷத்தில் அந்த ஸ்கேல் வாழைக்காய் மாதிரி வளைந்துபோனது என்றால் பாருங்கள்.

ஆனால் வேலை நடக்க வேண்டுமே. அக்கா மவுஸே இல்லாமல் வேலை செய்யப் பழகினார். கண்ட்ரோலோடு இசட் தட்டினால் செய்த தப்பு திரும்பிப் போகும். கண்ட்ரோலோடு ஜே தட்டினால் படத்துக்கு மேல் இன்னொரு பிரதி வந்து உட்காரும், கைவைப்பதை அதில் வைத்தால் அடியில் இருப்பதற்கு ஆபத்தில்லை. பகர அடைப்பை ஒரு பக்கம் தட்டினால் பிரஷ் பருக்கும், மறுபக்கம் தட்டினால் இளைக்கும். ஆல்ட்டோடு டேப் தட்டினால் ஒரு ஜன்னலிலிருந்து இன்னொரு ஜன்னலுக்குத் தாவலாம், முதலாளி வரும்போது ரொம்ப உதவும். ஒரு அடிக்கு ஒரு குறுக்குவழி என்று கணக்கு வைத்தாலும் அக்கா அந்த ஊரிலேயே பெரிய படிப்பாளி.

ஒரு நாள் ஸ்கேல் கையை விட்டுவிட்டுக் கன்னத்துக்கு வந்தது. அக்கா எழுந்தார். கீபோர்டை வயரோடு பிடுங்கினார். இரண்டு கையாலும் தூக்கி ஒரே போடு.

முதலாளிக்கு இரண்டு பல் போனது. கீபோர்டுக்குப் பதினேழு பல் போனது. 'டமால்' என்ற பெயர் அன்றைக்கு ஒட்டியது, பிறகு உரியவே இல்லை.

அப்புறம் ஒரு போட்டோகிராபரைக் கல்யாணம் செய்துகொண்டு அக்கா சொந்தமாக ஸ்டூடியோ போட்டார். முன்னறையில் கணவரின் கேமராவும் குடை விளக்குகளும். பின்னறையில் அக்காவின் தம்பி, கடைக்காரர்களுக்கும் கம்பெனிகளுக்கும் வெப்சைட் செய்துகொடுப்பவன். நடுவில் அக்காவும் அந்த ஒரே பெரிய கம்ப்யூட்டரும். அக்கா அங்கே உட்கார்ந்தது வேலைக்காக மட்டுமில்லை. அந்த இரண்டு பேரையும் அடுத்தடுத்து உட்காரவைத்தால் சாயங்காலத்துக்குள் ஒருவர் ஆஸ்பத்திரியில் இருப்பார்.

சண்டை எப்போதும் ஒன்றுதான். கணவர் லாரி கனத்தில் படம் கொடுப்பார். தம்பி அதை வெப்சைட்டில் ஏற்றினால், பக்கம் திறப்பதற்குள் பார்க்கிறவர் குளித்துவிட்டு வந்துவிடலாம். சரியென்று தம்பி படத்தைச் சுருக்கினால் கணவர் ஆகாசத்துக்கும் பூமிக்கும் குதிப்பார்.

"மச்சான், நான் மனுஷ மூஞ்சியை எடுத்துக் குடுத்தேன். நீ கட்டம் கட்டமா செங்கல் சுவரைப் போட்டு வச்சிருக்கே!"

"உங்க படத்தைத் திறக்கறதுக்குள்ள அந்த மனுஷனுக்குப் பேரன் பொறந்துடுவான் மாமா!"

உடனே முக்காலி பறக்கும், பதிலுக்கு நாற்காலி பறக்கும். அக்கா ஆளுக்கு ஒரு அறை விட்டுச் சட்டம் எழுதிச் சுவரில் ஒட்டினார். வெப்சைட்டுக்குப் போகிற படத்தின் நீளப்பக்கம் ஆயிரத்து அறுநூறு புள்ளி. தரம் எழுபத்தைந்து. நிறத்தை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் சிவப்புச் சேலை கண்டவர் போனில் சேற்று நிறமாகத் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலே கொட்டை எழுத்தில்: 'மூலப்படத்தில் கை வைக்காதே. பிரதியில் வை.'

அந்தச் சட்டத்தை அக்காவே மீறினார் என்பதுதான் இந்தக் கதை.

போன வாரச் சண்டையில் கணவர் கையில் அகப்பட்டதைத் தூக்கித் தம்பியின் மேல் எறிந்தார். அகப்பட்டது, எல்லாப் படத்துக்கும் இரண்டாவது பிரதி வைத்திருந்த ஹார்ட் டிஸ்க். தம்பி குனிந்தான். டிஸ்க் சுவரில் மோதி வாயைப் பிளந்தது. புதிதாக ஒன்று வாங்குவதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது, குத்துச்சண்டைப் போட்டியும் வந்துவிட்டது. கணவர் போய் அறுநூற்றுப் பன்னிரண்டு படம் எடுத்துவந்தார். மறுநாள் காலையில் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார், கேமரா கார்டைத் துடைத்து ஃபார்மெட் செய்தார், அதே கார்டோடு ஒரு டயர் கிடங்குக்குப் போய்விட்டார். அங்கே ஊழியர்களைப் படம் எடுக்கிற வேலை.

ஆனால் போவதற்கு முன்னால் வழக்கம்போலத் தம்பியோடு ஒரு சுற்று. அக்கா வலது கையால் தம்பியின் சட்டைக் காலரையும், இடது முழங்காலால் கணவரின் வயிற்றையும் தடுத்துக்கொண்டு, மிச்சமிருந்த இடது கையால் கீபோர்டைத் தட்டினார்.

அங்கேதான் ஒரு கட்டை தவறியது.

அக்கா அடிக்கடி செய்கிற வேலைகளை வரிசையாகக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்து ஒவ்வொன்றையும் ஒரு கட்டையில் கட்டிவைத்திருந்தார். எஃப் ஆறு, விளையாட்டுப் படங்களுக்கு. கொஞ்சம் கூர்மை, கொஞ்சம் வெளிச்சம், பிரதி எடுத்துத் தனி ஃபோல்டரில் வைக்கும். எஃப் ஐந்து, கல்யாணப் படங்களுக்கு. பருவை அழிக்கும், தழும்பை அழிக்கும், தோலை வெண்ணெயாக்கும், முகத்துச் சிவப்பைக் குறைக்கும், கடைசியில் அதே பெயரில் அதே இடத்தில் சேமித்து மூடிவிடும். கல்யாணப் படத்துக்கு டிஸ்க்கில் எப்போதும் இரண்டாவது பிரதி இருக்கும் என்ற தைரியத்தில் செய்தது. டிஸ்க்தான் சுவரில் அடிபட்டுச் செத்துக்கிடந்ததே.

அக்கா தட்டியது எஃப் ஐந்து. தட்டிவிட்டுத் தம்பியின் உடைந்த மூக்குக்கு மருந்து போடப் போய்விட்டார். கம்ப்யூட்டர் நல்ல பிள்ளையாக இருபத்தைந்து நிமிஷத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு படத்தையும் முடித்துவைத்தது.

பதினோரு மணிக்குக் கதவு திறந்தது. திறந்தது என்பது மரியாதைக்குச் சொல்வது. கீலோடு உள்ளே வந்தது. பின்னாலேயே கல்லுமண்டை வந்தான்.

கல்லுமண்டை குத்துச்சண்டைக்காரன். கதவு அளவு முதுகு, இடது புருவத்தில் பதினொரு தையல். அவனோடு மாஸ்டர், அதாவது அவனுடைய பயிற்சியாளர், கழுத்தே இல்லாத மனிதர். ஞாயிற்றுக்கிழமை அரையிறுதியில் அந்தப் புருவம் கிழிந்து ரத்தம் கொட்டியதால்தான் ஆட்டத்தை நிறுத்தி, கல்லுமண்டை தோற்றான் என்று சொல்லிவிட்டார்கள்.

"எதிராளி முழங்கையால இடிச்சான்மா," என்றார் மாஸ்டர். "குத்துச்சண்டைச் சங்கத்துல எழுதிக் குடுத்திருக்கோம். சாயங்காலம் நாலு மணிக்குக் கூட்டம். முழங்கைன்னு படம் காட்டினா தோல்வி செல்லாது, இவன் இறுதியாட்டத்துக்குப் போவான், அந்தப் பயலுக்கு ஒரு வருஷம் தடை. கையுறை பட்டுக் கிழிஞ்சதுன்னா தோல்வி தோல்விதான். அந்தப் படத்தை எடு."

"இதோ," என்று அக்கா ஃபோல்டரைத் திறந்தார்.

திரையில் கல்லுமண்டை தோன்றினான். கன்னம் ரெண்டும் ரோஜாப்பூ. தோல் பால்கோவா. நெற்றியில் கீறல் இல்லை, வீக்கம் இல்லை, ரத்தம் வழிந்த இடத்தில் லேசாக ஒரு நாணச் சிவப்பு. வாய்க்காப்பைக் கடித்துக்கொண்டு, இப்போதுதான் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள் என்பதுபோல் நின்றான்.

அக்கா டமால் டமாலென்று கண்ட்ரோல் இசட்டைத் தட்டினார். சேமித்து மூடிய படத்திடம் அது பலிக்குமா?

"என் காயம் எங்கே?" என்றான் கல்லுமண்டை, ரொம்ப அமைதியாக.

"தம்பி, ஒரு சின்னத் தப்பு..."

கண்ணாடி கவுண்டர் முதலில் போனது. அடுத்தது பிரிண்டர், ஒரே குத்தில் வயிறு உள்ளே போய் மையைக் கக்கியது. பின்னறையிலிருந்து அக்காவின் தம்பி ஓடிவந்தான்.

"யார்டா நீ, எங்கக்கா கடையிலே..." என்பதற்குமேல் அவனுக்குச் சொல்ல வாய்க்கவில்லை. காலையில் மருந்து போட்ட மூக்கு மறுபடி உடைந்தது. கல்லுமண்டை அடுத்து கம்ப்யூட்டரைத் தூக்கினான்.

"அதைப் போட்டா உன் காயம் எந்தக் காலத்திலும் கிடைக்காது!" அக்கா கத்திய கத்தலில் அவன் கை அந்தரத்தில் நின்றது. "கார்டு இருக்கு. அதுல இருந்து எடுக்கலாம்."

"ஃபார்மெட் பண்ணியாச்சுன்னு மாமா சொன்னாரேக்கா," என்றான் தம்பி மூக்கைப் பிடித்தபடி.

"வாயை மூடுடா! ஃபார்மெட் பண்ணினா வீட்டு விலாசப் பலகையைத்தான் கழட்டும். வீடு அப்படியே நிக்கும். புதுப் படம் எடுத்தாத்தான் அந்த வீட்டை இடிச்சு அதுமேல கட்டும்." சொல்லும்போதே அக்காவின் முகம் வெளுத்தது. "ஐயோ. இவரு இப்ப எடுத்துக்கிட்டு இருப்பாரே!"

போன் அடித்தார்கள். வேலை நேரத்தில் கணவர் போனைச் சத்தமில்லாமல் வைத்துவிடுவார். ஒவ்வொரு 'சிரிங்க'வுக்கும் அங்கே ஒரு படம் செத்துக்கொண்டிருந்தது. எந்தப் படம் என்று யாருக்குத் தெரியும்?

கல்லுமண்டையின் பைக்கில் மூன்று பேரும் ஏறினார்கள். முன்னால் அவன், நடுவில் மாஸ்டர், கடைசியில் அக்கா. பைக் போன வேகத்தில் அக்காவின் செருப்பு ஒன்று வழியிலேயே விடைபெற்றது.

கிடங்கில் முப்பது பேர் மூன்று வரிசையாக நின்றிருந்தார்கள். கணவர் ஏணிமேல் நின்று ஒரு கண்ணை மூடிக் குறிபார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் இங்க பாருங்க. ஒண்ணு, ரெண்டு..."

"அமுக்காதீங்க!"

மூன்று சொல்வதற்குள் அக்கா பாய்ந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டார். ஏணி சாய்ந்தது. கணவர், மனைவி, கேமரா மூவரும் டயர் மலைமேல் விழுந்தார்கள். மலை சரிந்தது. விழுகிற மனிதன் எதையாவது இறுக்கிப் பிடிப்பான் இல்லையா? கணவர் பிடித்தது கேமரா பொத்தானை. அது தொடர்ந்து எடுக்கிற நிலையில் இருந்ததால் படபடபடவென்று எடுத்துக்கொண்டே இருந்தது.

"விரலை எடுங்க!"

"எவ அவ? ஏய், நீயா? ஏன்டி என்னைக் கொல்லப் பாக்கறே?"

கல்லுமண்டை அவர் விரலை வாழைப்பழத் தோலைப்போல் கேமராவிலிருந்து உரித்தெடுத்தான். வழிப்பறிக்காரர்கள் வந்துவிட்டார்கள் என்று நினைத்த கிடங்கு மேற்பார்வையாளர் டயர் நெம்புகிற கம்பியால் மாஸ்டர் முதுகில் ஒன்று வைத்தார். மாஸ்டர் திரும்பி அவர் தாடையில் ஒன்று வைத்தார். முப்பது பேரும் வரிசை கலைந்து வந்தார்கள். அப்புறம் யார் யாரை அடித்தார்கள் என்று அடித்தவர்களுக்கே தெரியாது. டயர்கள் உருண்டன, ஆட்கள் அதைவிட வேகமாக உருண்டார்கள். கணவரின் சட்டையில் ஒரு கைதான் மிஞ்சியது. அக்கா அந்தக் கூட்டத்துக்குள் குனிந்து, கேமராவின் வயிற்றைத் திறந்து கார்டை உருவி, அதன் ஓரத்திலிருந்த குட்டிப் பூட்டைக் கீழே தள்ளினார். அதைத் தள்ளிவிட்டால் கார்டில் யாரும் புதிதாக எதையும் எழுத முடியாது. அதற்குள் அங்கே எடுத்தது நாற்பத்தொன்று, விழும்போது பதினான்கு. மொத்தம் ஐம்பத்தைந்து படம் பழைய வீடுகளை இடித்திருந்தன.

கடைக்குத் திரும்பும்போது மணி ஒன்றரை. நாலு பேருமே ஆளுக்கொரு இடத்தில் வீங்கியிருந்தார்கள். தம்பி மூக்கில் பஞ்சோடு மீட்கிற மென்பொருளைத் தயாராக வைத்திருந்தான்.

"எங்க சேமிக்கணும்னு கேக்குதுக்கா. கார்டுலயே போடவா?"

"போடுவே போடுவே. தோண்டி எடுத்த மண்ணை அதே குழியில போடுவியா? கம்ப்யூட்டர்ல போடு."

திரையில் பச்சைக்கோடு நகர ஆரம்பித்தது. நத்தை பார்த்தால் சிரிக்கும் வேகம். மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். கல்லுமண்டை தையலைத் தடவிக்கொண்டிருந்தான். மூன்று மணிக்குக் கோடு முடிவுக்கு வந்தது. ஐந்நூற்று ஐம்பத்தேழு படம் உயிரோடு வந்தன. பெயரெல்லாம் போய் வெறும் எண்ணாக வந்திருந்தன, வரிசையும் தாறுமாறு. அக்கா எடுத்த நேரப்படி அடுக்கினார். போனது ஆரம்பத்தில் எடுத்தவைதான். அதிலும் மாஸ்டர் மாலை போட்டுக்கொண்டு நின்ற படங்கள் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

"நாலாவது சுற்று," என்றான் கல்லுமண்டை.

அக்கா படத்தைத் திறந்து கண்ட்ரோலோடு ஒன்றாம் எண்ணைத் தட்டினார். படம் முழு அளவில் விரிந்தது. எதிராளியின் கையுறை, இடது கை, சரியாகக் கல்லுமண்டையின் புருவத்தில் அழுந்தியிருந்தது. தோல் பிளக்கிற நேரம். முதல் ரத்தத்துளி கையுறையின் ஓரத்தில் தெறித்து நின்றது. முழங்கை? அது ஒரு முழம் பின்னால், தன் பாட்டுக்கு மடங்கியிருந்தது.



மாஸ்டர் முதலில் தொண்டையைச் செருமினார். "ஏம்மா, மூணாவது சுற்றுல அவன் முழங்கையைத் தூக்கின படம் இருக்கும்ல? அதை வெட்டி இதுல ஒட்டு. காயத்தையே காணாமப் பண்ணினவ நீ. இது என்ன பெரிய வேலை?"

"வேலை பெருசு இல்ல மாஸ்டர். நாலு நிமிஷம். நிழலும் போட்டுத் தருவேன், சங்கமே நம்பும்," என்றார் அக்கா. "ஆனா செய்யமாட்டேன். பருவை எடுக்கிறேன், தொந்தியைக் குறைக்கிறேன், கோவிச்சுக்கிட்டு வராத சித்தப்பாவைக் குடும்பப் படத்துல நிக்க வைக்கிறேன். அது வேற. அடிக்காத கையை ஒட்டி ஒருத்தன் பொழப்பைக் கெடுக்கறது வேற."

மாஸ்டர் அக்காவின் இடது மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, படம் வெட்டுகிற மேசைக்கத்திக்கு அடியில் வைத்தார். கைப்பிடியைத் தூக்கினார். ஒரு அழுத்து அழுத்தினால் அறுபது தாளை வெட்டுகிற கத்தி.

"இந்தக் கை இல்லாம நாளைக்கு எதைத் தட்டுவே? ஒட்டறியா, இல்லையா?"

கணவர் பாய்ந்தார், மார்பில் உதை வாங்கிக் குடை விளக்கோடு சாய்ந்தார். தம்பி கீபோர்டைத் தூக்கி மாஸ்டர் தலையில் அடித்தான். கட்டைகள் நாலாபக்கமும் தெறித்தன, மாஸ்டர் தலை அசையவில்லை. கத்தி இறங்கியது. முதலில் தோலைத் தொட்டது. அக்காவின் சுட்டுவிரலுக்கு மேலே ஒரு சிவப்புக் கோடு ஓடியது.

"மாட்டேன்னா மாட்டேன்!" என்று அக்கா அலறினார்.

அப்போது ஒரே ஒரு சத்தம் கேட்டது. ஈரத்துணியைக் கல்லில் அடிக்கிற சத்தம். மாஸ்டரின் கை கைப்பிடியை விட்டது, கண் மேலே போனது, ஆள் அப்படியே மடிந்து கண்ணாடித் துண்டுகளின் மேல் உட்கார்ந்தார். கல்லுமண்டையின் இடது கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.

மாஸ்டர் வாயிலிருந்து ரத்தத்தைத் துப்பினார். "உனக்காகத்தானேடா செஞ்சேன்!"

"நீங்கதான் மாஸ்டர் முழங்கை முழங்கைன்னு காதுல ஓதினீங்க. நான் நம்பிட்டேன்." அவன் திரையைக் காட்டினான். "இங்க பாருங்க. கண்ணைத் திறந்துதான் வச்சிருக்கேன். ஆனா எதைப் பாக்கறேன்? அவன் வலது கையை. 'வலதைப் பாரு, வலதைப் பாரு'ன்னு மூணு மாசமா நீங்க கத்தினீங்க. குத்து இடதுல வருது."

மாஸ்டர் எழுந்தார். வாசல் வரை போய் நின்று, தலைமுறை தலைமுறையாகக் கேட்டாலும் காது கூசுகிற வசவு ஒன்றை விட்டுவிட்டுக் கதவில்லாத வழியாக வெளியே போனார்.

கல்லுமண்டை போனை எடுத்தான். மணி நாலாக ஐந்து நிமிஷம் இருந்தது.

"சங்கமா? நான்தாங்க. முறையீட்டைத் திருப்பி எடுத்துக்கறேன்... ஆமாங்க, படம் கிடைச்சுது. பார்த்துட்டேன். முழங்கை இல்ல. குத்துதான்." புருவத்தைத் தொட்டுப் பார்த்தான். "நல்ல குத்துங்க. அவன்மேல தடை எதுவும் வேணாம்னு எழுதிக்குங்க. இறுதியாட்டத்துக்கு அவனே போகட்டும்."

போனை வைத்தான். அக்கா விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு அவன் பக்கத்தில் ஒரு முக்காலியைத் தள்ளினார்.

"உக்காருடா தம்பி."

"அக்கா, இதுக்கு முந்தின படமெல்லாம் இருக்கா?"

"வலது அம்பைத் தட்டினா அடுத்தது வரும். இடது அம்பைத் தட்டினா முந்தினது."

அக்காவின் தம்பி வேறொரு பழைய கீபோர்டைக் கொண்டுவந்து மாட்டினான். கணவர் தரையில் கிடந்தபடியே, "எடுத்தது யாரு? நான்ல!" என்றார். யாரும் கவனிக்கவில்லை.

கல்லுமண்டை நாலு படம் பின்னால் போய், தடித்த விரலால் வலது அம்பைத் தட்டினான். எதிராளியின் தோள் திரும்பியது. தட்டினான். முழங்கால் மடங்கியது. தட்டினான். கையுறை கிளம்பியது. தட்டினான். புருவம் பிளந்தது. திரும்பவும் பின்னால் போனான். ரத்தம் புருவத்துக்குள் திரும்பிப் போனது, கையுறை விலகியது, தோள் நேரானது. மறுபடியும் முன்னால். மறுபடியும் பின்னால். அக்கா எண்ணிக்கொண்டே இருந்தார்.

ஒன்பதாவது தடவை கையுறை கிளம்பியபோது, முக்காலியில் உட்கார்ந்திருந்த அவன் தலை தானாக ஒரு அங்குலம் வலப்பக்கம் நகர்ந்தது.

"ஆங்," என்றார் அக்கா.

அவன் மறுபடி தட்டினான்.